தொண்ணூற்றொன்றாம் நாள்

ஷாரோனின் கைப்பையில் மூன்று அறைகள் உண்டு. இடது பக்கம் தமிழ்நாடு, நடுவில் கர்நாடகா, வலது பக்கம் ஆந்திரா. ஒவ்வொரு அறையிலும் அந்தந்த மாநிலத்து வக்கீல்கள் நல நிதி ஸ்டாம்பு, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும். வக்காலத்துப் படிவத்தில் அந்த ஸ்டாம்பு இல்லாவிட்டால் கோர்ட்டில் கையால் கூடத் தொடமாட்டார்கள். ஒரு மாநிலத்து ஸ்டாம்பு இன்னொரு மாநிலத்தில் வெறும் காகிதம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் ஆபீஸ் வைத்துக்கொண்டு மூன்று மாநிலத்தில் வழக்காடுகிறவளுக்கு இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது.

மூன்று மாநிலம் என்பது அவள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டதல்ல. சுற்று வட்டாரத்துக் காலனிகளிலிருந்து கோலார் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், லாரியில் பாரம் ஏற்ற ஆந்திராவுக்குப் போகிறவர்கள், போன இடத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோருடைய வீட்டுக்காரர்களும் கடைசியில் அந்த மாடிப்படியைத்தான் ஏறி வந்தார்கள். தெலுங்கு பேசத் தெரிந்த வக்கீல் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

தெலுங்கு அவளுக்கு வந்ததும் ஒரு தோல்வியினால்தான். அப்பா பெஞ்சமின் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். இங்கே சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்காதபோது, எல்லை தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பரீட்சைக்கு மட்டும் தலைகாட்டினார்கள். ஷாரோன் மூன்று வருஷமும் வாலாஜாபாத்தில் ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, தினம் வகுப்புக்குப் போனாள். சில நாள் வகுப்பில் அவளும் வாத்தியாரும் மட்டும் இருந்தார்கள். ஆனால் அதையெல்லாம் பார்த்தவர் யார்? உத்திரமேரூர் வக்கீல்கள் அறையில் அவளுக்கு வைத்த பெயர் 'ஆந்திரா மீல்ஸ்'. எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் 'அரவம்', அதாவது தமிழ்க்காரி. பதிமூன்று வருஷமாக இரண்டு பெயரையும் சுமந்துகொண்டுதான் போய் வருகிறாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை வக்கீல்கள் அறையில் தாமோதரன் கேட்டார். ஐம்பது ஏக்கர் நஞ்சை, மூன்று தலைமுறையாக வக்கீல் குடும்பம், வாயில் எப்போதும் ஏலக்காய்.

"இன்னாம்மா ஆந்திரா மீல்ஸ், நாளைக்கு எந்த ஸ்டேட்டு?"

"ஆந்திராதான் சார். நீங்களும் வரீங்களா? கோங்குரா சட்னி வாங்கித் தரேன்."

"எனக்கு அல்சர். நீயே துன்னு."

சிரித்துவிட்டு வந்தாளே தவிர, நெஞ்சுக்குள் காலையிலிருந்து ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரம் சுப்பிரமணிக்காக. தென்னேரிக்குப் பக்கத்தில் ஒரு காலனி. வயது இருபத்தேழு. லோடு ஏற்றக் கூலிக்குப் போனவன். ஏற்றியது செம்மரம் என்பது வனக்காவலர்கள் வந்து சூழ்ந்தபோதுதான் தெரிந்தது என்கிறான். ஓடியவர்களில் யாரோ கல்லெறிய, ஒரு காவலருக்கு மண்டை உடைந்தது. ஓடத் தெரியாத சுப்பிரமணி மாட்டிக்கொண்டான். கொலை முயற்சியும் சேர்ந்தது. இலவச சட்ட உதவியில் வந்த அந்த ஊர் வக்கீல் இரண்டு முறை ஜாமீன் கேட்டு இரண்டு முறையும் தள்ளுபடி. பத்து நாளைக்கு முன் அவன் மனைவி வளர்மதி, ஆறு மாத வயிற்றோடு, ஷாரோனின் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

காகிதங்களைப் புரட்டியபோதுதான் ஷாரோனுக்கு அந்தத் தேதி கண்ணில் பட்டது. இந்த மாதிரிக் குற்றத்தில் தொண்ணூறு நாளைக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போட வேண்டும். போடாவிட்டால், உள்ளே இருப்பவன் கேட்டால், ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். நீதிபதி நினைத்தாலும் மறுக்க முடியாது. ஆனால் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் குற்றப்பத்திரிகை வந்து விழுந்தாலும் அந்த உரிமை செத்துப்போகும். பிறகு விசாரணை முடிகிறவரை உள்ளேதான். அந்தக் கோர்ட்டில் விசாரணை என்றால் மூன்று வருஷம், நான்கு வருஷம்.

சுப்பிரமணியை முதலில் ரிமாண்டு செய்தது ஒரு புதன்கிழமை. தொண்ணூறு நாள் அந்தத் திங்களோடு முடிகிறது. செவ்வாய், தொண்ணூற்றொன்றாம் நாள், ரிமாண்டு நீட்டிப்புக்காக அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

வெள்ளிக்கிழமையே சப் ஜெயிலுக்குப் போய் வக்காலத்தில் அவன் கைநாட்டும், ஜெயில் அதிகாரி கையெழுத்தும் வாங்கிவிட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் விஷயத்தை விளக்கினாள். தொண்ணூறு நாள், கேட்டால் விடுவார்கள், கேட்காவிட்டால் இல்லை. கடைசியில், எந்தக் கட்சிக்காரனிடமும் சொல்வதை அவனிடமும் சொன்னாள்.

"நீ வாயே தொறக்கக் கூடாது. யாரு இன்னா கேட்டாலும் பேசாம நில்லு. பேசறத நான் பாத்துக்கறேன்."

"சரிக்கா" என்றான்.

திங்கள் மாலை கடைசி வேலையாக, மிச்சமிருந்த ஒரே ஆந்திரா ஸ்டாம்பை வக்காலத்தின் மேல் வைத்து, அதன் மேல் கண்ணாடிக் குண்டையும் வைத்து, அதையே ஒட்டிவைக்கும்படி குமாஸ்தா தமிழ்வாணனிடம் சொல்லிவிட்டு ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காக எதிரே கோர்ட்டுக்கு ஓடினாள். தமிழ்வாணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் வேறொரு பெரிய வக்கீலிடம் இருந்தவர். வக்காலத்து கையில் வந்த உடனே ஸ்டாம்பு ஒட்டிக் கோடு கிழித்துவிடுவது அவர் கை வழக்கம். "வக்காலத்து மூளிக் கழுத்தோட இருக்கக் கூடாதும்மா" என்பார்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு வாடகைக் கார் கிளம்பியது. வளர்மதி பின் சீட்டில், மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"அதுல இன்னா?"

"அதிரசம்க்கா. வெளிய வந்தா துன்னட்டும்னு."

திருத்தணி தாண்டும்போது வக்காலத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஷாரோனுக்குத் தோன்றியது. அதற்குள் போன் அடித்தது. அந்தப் பக்கத்து நண்பர், வக்கீல் வெங்கடேசுலு. அங்கே இவளுடைய வழக்குகளில் கூட நின்று கையெழுத்துப் போடுகிறவர்.

"மேடம், வர வேண்டாம். இன்றைக்கு பாய்காட். பக்கத்து டிவிஷனில் ஒரு வக்கீலைப் போலீஸ் அடித்துவிட்டதாம். கேட்டிலேயே பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒருவரையும் உள்ளே விடுவதில்லை."

"என் கட்சிக்காரனுக்கு இன்றைக்குத்தான் நாள், உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். நான் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன். நான் என்ன செய்ய?"

கோர்ட் வாசலை அடைந்தபோது மணி பத்தே கால். கறுப்புக் கோட்டுகள் ஒரு பந்தலுக்குக் கீழே கோஷம் போட்டுக்கொண்டிருந்தன. கேட்டில் இரண்டு இளவட்டங்கள் கையை நீட்டித் தடுத்தார்கள். வெங்கடேசுலு இவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷாரோன் கோட்டைக் கழற்றினாள், கழுத்துப் பட்டையை அவிழ்த்தாள், இரண்டையும் மடித்துப் பையில் திணித்தாள்.

"கைதியின் மனைவி இவள். நான் துணைக்கு வந்தவள். வக்கீல் இல்லை" என்றாள் தெலுங்கில்.

ஒருவன் வளர்மதியின் வயிற்றைப் பார்த்தான். வழி விட்டான். "வக்கீலாகப் பேசினால் பிறகு நாங்கள் பேசுவோம்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னான்.

எப்படியும் மனுவைக் கவுன்ட்டரில் போட்டுவிட்டால் போதும், நேரம் பதிவாகிவிடும் என்று நேராக அங்கே போனாள். கவுன்ட்டர்க்காரர் நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். மனு சரி. இணைப்பு சரி. வக்காலத்தைத் திருப்பினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"மேடம், இது தமிழ்நாடு ஸ்டாம்பு."

ஷாரோன் எட்டிப் பார்த்தாள். உத்திரமேரூர் மேஜை டிராயரிலிருந்து எடுத்த ஸ்டாம்பு. நான்கு மூலையும் அழுந்த ஒட்டி, குறுக்கே இரண்டு அழகான கோடு. தமிழ்வாணனின் கோடு.

"ஆந்திரா ஸ்டாம்பு ஒன்று வேண்டும். சங்கத்து ஆபீஸில்..."

"பாய்காட். பூட்டியிருக்கிறது. ஸ்டாம்பு இல்லாமல் நான் நம்பர் போட முடியாது, மேடம். என் வேலை போய்விடும்."

வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள்.

"தமிழண்ணா, அந்தக் கண்ணாடிக் குண்டுக்குக் கீழ ஒரு ஸ்டாம்பு வச்சேனே?"

"இங்கதான் கீதும்மா. பத்திரமா கீது."

"நீங்க ஒட்டினது எது?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "ஐயோ" என்றார். "கை தானா டிராயருக்குப் போயிடுச்சும்மா. ஐயோ, நான் இன்னா பண்ணிட்டேன்."

போனை வைத்தாள். கோபப்படக் கூட நேரமில்லை. கோர்ட் கான்ஸ்டபிள் ஒருவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: செம்மரக் கேசுக்கு எஸ்.ஐ. சார்ஜ் ஷீட்டோடு கிளம்பிவிட்டாராம், அரை மணியில் வந்துவிடுவார். யாரோ அங்கேயும் நாளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் பிந்தி.

மணி பதினொன்று இருபது. சப் ஜெயிலிலிருந்து எஸ்கார்ட் போலீஸ் கைதிகளோடு வந்தது. சுப்பிரமணி வெள்ளிக்கிழமை பார்த்ததைவிட இளைத்திருந்தான். ஷாரோன் அவனை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். அவனிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: நான் சொன்னதை மறந்துவிடு, வாயைத் திற. எஸ்கார்ட் போலீஸ்காரர் குறுக்கே தடியை நீட்டினார்.

"யார் நீ?"

வக்கீல் என்று சொல்ல வாயெடுத்தாள். கோட்டு பையில் இருந்தது. வராந்தா முனையில் கேட்டில் தடுத்த இளைஞர்களில் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொந்தம்" என்றாள்.

"சொந்தமெல்லாம் ஜெயிலில் மனு போட்டுப் பார்."

அவனை உள்ளே இழுத்துப் போனார்கள். ஷாரோனும் வளர்மதியும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். பதிமூன்று வருஷத்தில் கோர்ட் ஹாலின் கடைசி பெஞ்சிலிருந்து அவள் எதையும் பார்த்ததில்லை. இங்கிருந்து நீதிபதியின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. மின்விசிறி எல்லாச் சத்தத்தையும் தின்றது. சின்ன வயதில், மில் கணக்கில் மூட்டை குறைந்தது என்று அப்பாவை உத்திரமேரூர் கோர்ட்டில் நிறுத்தியபோது, இப்படித்தான் அம்மாவின் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "நீ வாயத் தொறக்காத பெஞ்சமினு" என்று வக்கீல் சொன்னபடி அப்பா வாயைத் திறக்கவேயில்லை. வக்கீல் அன்றைக்கு வரவுமில்லை.

"இன்னாக்கா, கை இப்பிடி சில்லுனு கீது?" என்றாள் வளர்மதி. அவள் எப்போது கையைப் பிடித்தாள் என்று ஷாரோனுக்குத் தெரியவில்லை.

மாஜிஸ்திரேட் இளம் பெண். முப்பது வயதுகூட இருக்காது. வக்கீல்கள் இல்லாததால் வழக்குகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. சுப்பிரமணியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் கூண்டில் ஏறிக் கைகட்டி நின்றான்.

அரசு வக்கீல் எழுந்தார். அரசு வக்கீல்களுக்கு பாய்காட் இல்லை. "எஸ்.ஐ. வழியில் இருக்கிறார். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாராம். பத்து நிமிஷம். வழக்கைக் கொஞ்சம் தள்ளி எடுத்தால் நல்லது."

மாஜிஸ்திரேட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைதியைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார். "நீ ஏதாவது சொல்ல வேண்டுமா?"

சுப்பிரமணி பேசாமல் நின்றான். சொன்ன சொல் தவறாத பிள்ளை. உதட்டை இறுக்கிப் பூட்டி நின்றான்.

"சரி. பன்னிரண்டு மணிக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்று மாஜிஸ்திரேட் கட்டைப் புரட்டப் போனார்.

ஷாரோன் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் என்ன சொல்வது என்று யோசித்தாள்.

"அம்மா, அவருக்குத் தெலுங்கு தெரியாது. நீங்கள் கேட்டது அவருக்குப் புரியவில்லை."

எல்லாத் தலையும் திரும்பியது. மாஜிஸ்திரேட் கண்ணைச் சுருக்கினார். இவளைக் கறுப்புக் கோட்டில் பலமுறை பார்த்தவர்தான். "நீங்கள் இந்த வழக்கில் ஆஜராகிறீர்களா?"

வாசலில் அந்த இளைஞன். பையில் செல்லாத வக்காலத்து.

"இல்லை அம்மா. எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். அனுமதித்தால் மொழிபெயர்க்கிறேன்."

அரசு வக்கீல் எழுந்தார். மாஜிஸ்திரேட் கையமர்த்தினார். "கேட்டதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்வதை அப்படியே என்னிடம் சொல்லுங்கள். ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். எனக்கும் கொஞ்சம் தமிழ் புரியும்."

ஷாரோன் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் வாயாக இருந்து பிழைத்தவள், இப்போது வாயாக மட்டுமே இருக்க வேண்டும்.

"நீ ஏதாவது சொல்லணுமான்னு அம்மா கேக்கறாங்க."

சுப்பிரமணி அவளைப் பார்த்தான். முகத்தில் குழப்பம். குரலைத் தாழ்த்தி, "பேசலாமாக்கா?" என்றான்.

தலையை ஆட்டினால் போதும். கண்ணை மூடித் திறந்தால் போதும். மாஜிஸ்திரேட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாரோன் திரும்பி, தெலுங்கில், "பேசலாமா என்று கேட்கிறார்" என்றாள்.

"பேசச் சொல்லுங்கள்."

"பேசுன்னு அம்மா சொல்றாங்க."

அவன் பேசத் தொடங்கினான்.

"ஜெயில்ல ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம முட்டை குடுப்பாங்கம்மா."

முட்டையா? கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தாறு. ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். "சிறையில் ஞாயிறுதோறும் முட்டை கொடுப்பார்கள் என்கிறார்."

அரசு வக்கீல் சிரித்தார். பெஞ்ச் கிளார்க்கும் சிரித்தார்.

"மொத முட்டைய துன்னும்போது நான் உள்ள போயி அஞ்சு நாளு."

சொன்னாள்.

"முந்தா நேத்து துன்னது பதிமூணாவது முட்டை. செவுத்துல கோடு போட்டு வச்சிக்கினு கீறேன். முட்டைக்கு ஒரு கோடு."

அதையும் சொன்னாள். பதிமூன்று ஞாயிறு, பதிமூன்று வாரம். ஏழு பதிமூன்று எவ்வளவு என்று அந்த ஹாலில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் மேஜைக் காலண்டரைத் தன் பக்கம் இழுத்துப் பேனா முனையால் பின்னோக்கித் தொட்டுக்கொண்டே போனார். சிரிப்பு நின்றது.

ஆனால் அவன் இன்னும் கேட்கவில்லை. நாளை எண்ணினால் ஆகாது, கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதைத்தான் நான்கு முறை சொன்னாள். ஷாரோன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கோஷம். அதற்கும் அப்பால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது.

"தொண்ணூறு நாளு ஆயிப்போச்சி. போலீஸ் காயிதம் இன்னும் வர்ல. என் பொண்டாட்டிக்கு மாசம் ஆறு" என்றான் சுப்பிரமணி. கட்டியிருந்த கையை அவிழ்த்துக் கும்பிட்டான். "என்னிய ஜாமீன்ல வுட்டுடுங்கம்மா. கேட்டாதான் வுடுவாங்கன்னு சொன்னாங்க. அதான் கேக்கறேன்."

ஷாரோன் மொழிபெயர்த்தாள். எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ மேற்கோளோடு பேசியவள், இந்த ஆறு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாள்.

"யாரோ சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கிறான்" என்றார் அரசு வக்கீல். "மனு இல்லை, வக்காலத்து இல்லை..."

"சொல்லிக்கொடுக்கிறவர்கள் முட்டையிலிருந்து தொடங்கமாட்டார்கள்" என்றார் மாஜிஸ்திரேட். "வாயால் கேட்டாலும் கேட்டதுதான். மணி என்ன?"

"பதினொன்று நாற்பத்தொன்பது" என்றார் பெஞ்ச் கிளார்க்.

அதை மாஜிஸ்திரேட் எழுதினார். எழுதிய பேனாவை மூடுவதற்குள் எஸ்.ஐ. வாசலில் வந்து சல்யூட் அடித்தார். கக்கத்தில் தடித்த கட்டு, சட்டையெல்லாம் வேர்வை.

"குற்றப்பத்திரிகையா? கொடுங்கள். வாங்கிய நேரத்தையும் போடுங்கள்" என்று கிளார்க்கிடம் சொன்னார் மாஜிஸ்திரேட். பிறகு ஷாரோனைப் பார்த்தார். "கைதியிடம் சொல்லுங்கள். ஜாமீன் உண்டு. இரண்டு பேர் ஜாமீன்தாரராக வேண்டும். உத்தரவு மூன்று மணிக்கு. அதற்குள் யாராவது முறையான வக்காலத்தோடு வந்தால் வேலை சீக்கிரம் முடியும்."

ஷாரோன் சொன்னாள். சுப்பிரமணி கேட்டுக்கொண்டு, மறுபடி உதட்டை இறுக்கிக்கொண்டான். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தான் போலிருக்கிறது.

வராந்தாவில் வளர்மதி டப்பாவை அணைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க்கா, இம்மாம் பெரிய கோர்ட்டுல போயி முட்டை கதைய பேசுது அது. புத்தி கீதா அதுக்கு?" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

ஷாரோன் தூணில் சாய்ந்தாள். இரண்டு ஜாமீன்தாரர்கள், அதுவும் இந்த மாநிலத்துக்காரர்கள் வேண்டுமென்றால்? பந்தலில் உட்கார்ந்திருக்கும் வெங்கடேசுலுவை மூன்று மணிக்குள் எப்படி எழுப்புவது? நெஞ்சுக்குள் கடிகாரம் நிற்கவில்லை. முள்தான் மாறியிருந்தது. போன் அடித்தது. தமிழ்வாணன். பின்னால் பஸ் இரைச்சல்.

"அம்மா, திட்டாதீங்க. அந்த ஸ்டாம்ப எடுத்துக்கினு அப்பவே பஸ் ஏறிட்டேன். திருத்தணி தாண்டிட்டேன். இனிமே வந்து பிரயோஜனம் உண்டா, இல்ல இப்பிடியே எறங்கிடட்டுமா?"

"எறங்காதீங்கண்ணா" என்றாள் ஷாரோன். "கையில வச்சிக்கினு வாங்க. எங்கியும் ஒட்டிடாதீங்க."